கொண்டி மகளிர்: யூரிபிடிஸின் ‘ட்ரோஜன் பெண்கள்’ நாடகத்தை வாசித்தல்

யூரிபிடிஸின் ‘ட்ரோஜன் பெண்கள்’ தொடங்கும்போது போர் முடிந்துவிட்டிருக்கிறது. ட்ராய் நகரத்து ஆண்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள். நகரம் புகைந்துகொண்டிருக்கிறது. கிரேக்கர்களின் கூடாரங்களுக்கு முன்னால் முதிய அரசி ஹெகுபா மண்ணில் கிடக்கிறாள். இனி முடிவாக வேண்டியது எந்தப் பெண் எந்த ஆணுக்கு என்பது மட்டும்தான். நாடகம் முழுக்க நடப்பது அந்தப் பங்கீடு. வாள்வீச்சு கிடையாது, சூழ்ச்சி கிடையாது, கடைசிக் காட்சியில் இறங்கி வந்து காப்பாற்றும் தெய்வமும் கிடையாது. தொடக்கத்தில் பொசைடனும் அதீனாவும் மேடையில் தோன்றி, திரும்பிப்போகும் கிரேக்கக் கப்பல்களைப் புயலில் சிக்கவைப்பது பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்களைப் பற்றி அவர்களுக்கு ஒரு திட்டமும் இல்லை. பேச்சு முடிந்ததும் போய்விடுகிறார்கள். பிறகு திரும்புவதே இல்லை.

நாடக இலக்கணம் பேசியவர்கள் இதைக் கட்டுக்கோப்பில்லாத நாடகம், புலம்பல்களின் கோவை என்று நெடுங்காலம் குறை சொன்னார்கள். இன்று இதைப் பாராட்டுகிறவர்களும் அதே சொல்லைத்தான் வேறு தொனியில் சொல்கிறார்கள்: போரின் துயரைப் பாடும் காலம் கடந்த ஒப்பாரி. எனக்கு இரண்டு தரப்புமே உவப்பில்லை. இந்தப் பெண்கள் அழுகிறார்கள்தான். ஆனால் அழுகையைவிட அதிகமாக வாதிடுகிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஒப்பாரி என்று பெயர் சூட்டிவிட்டால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடலாம்.

நாடகம் முதன்முதலில் நடந்தது கி.மு. 415இல், ஏதென்ஸ் நகரின் டயோனிசஸ் திருவிழாவில். அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் மீலோஸ் என்ற சிறு தீவு ஏதென்ஸ் படையிடம் சரணடைந்திருந்தது. ஸ்பார்ட்டாவோடு ஏதென்ஸ் நடத்திய நீண்ட போரில் யார் பக்கமும் சேராமல் இருக்க விரும்பியது மட்டுமே அதன் குற்றம். பிடிபட்ட வயதுவந்த ஆண்கள் எல்லோரையும் ஏதென்ஸ் கொன்றது. பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. வெறுமையான தீவுக்குத் தன் ஆட்கள் 500 பேரைக் குடியேற அனுப்பியது. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை எழுதியிருக்கிறார். ஏதென்ஸ் தூதர்களும் மீலோஸ் தலைவர்களும் நீதி பற்றியும் வலிமை பற்றியும் நடத்தும் அவருடைய உரையாடல் உலகப் புகழ்பெற்றது. அரசியல் அறிவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதில் பேசுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் இறுதியில் ஒரு வாக்கியத்தில் வருகிறார்கள், விற்கப்பட்டவர்களாக.

மீலோஸ் செய்தி வந்த சில மாதங்களுக்குள் ஒரு நாடகத்தை எழுதி, ஒத்திகை பார்த்து அரங்கேற்றியிருக்க முடியாது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மீலோஸ் முதல் ஊர் அல்லவே. கி.மு. 421இல் ஸ்கியோனி நகருக்கும் இதுவேதான் நடந்தது. அதற்கும் முன்னால், கி.மு. 427இல், மித்திலீனி நகரத்து ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்க ஏதென்ஸ் மக்கள்சபை கைதூக்கி முடிவெடுத்தது. மறுநாள் மனம் மாறி, முதல் கப்பலைத் துரத்திப் பிடிக்க இன்னொரு கப்பலை அனுப்பியது. அந்தச் சபையில் கைதூக்கிய ஆண்கள்தான் திருவிழா நாளில் அரங்கப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள். பெண்கள் நாடகம் பார்க்க அனுமதிக்கப்பட்டார்களா என்பதே இன்னும் தீராத வழக்கு. எழுதியவர் ஆண்; முகமூடி அணிந்து ஹெகுபாவாகவும் கசான்ட்ராவாகவும் நடித்தவர்கள் ஆண்கள்; பரிசு கொடுத்த நடுவர்கள் ஆண்கள். யூரிபிடிஸுக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு பெற்ற செனோகிளிஸ் எழுதிய ஒரு நாடகம்கூட இன்று முழுதாக நம்மிடம் இல்லை.

இதையெல்லாம் சொல்லக் காரணம், யூரிபிடிஸைப் பெண்ணியவாதி என்று பட்டம் கட்டித் தோளில் தூக்கிக்கொள்ளும் அவசரம் நமக்கு வேண்டாம் என்பதுதான். அவர் செய்தது வேறொன்று. தன் நகரம் செய்யும் ஒரு வேலையை, அந்த வேலையைச் செய்தவர்கள் முன்னிலையில், முறைப்படி ஒவ்வொரு படியாக நடத்திக் காட்டினார். பொசைடனின் தொடக்கப் பேச்சிலேயே, பெண்களைப் பங்கிட்டுக்கொண்டவர்களில் ஏதென்ஸ் தலைவர்களும் உண்டு என்று ஒரு குறிப்பு வந்துவிடுகிறது. பிறகு, எந்த நாட்டுக்கு அடிமையாகப் போவது மேல் என்று கோரஸ் பெண்கள் தங்களுக்குள் பாடும்போது, ஸ்பார்ட்டா வேண்டாம், ஏதென்ஸ் என்றால் பரவாயில்லை என்கிறார்கள். அரங்கிலிருந்த சிலருக்கு அது பெருமையாக இருந்திருக்கும். மீலோஸ் பெண்ணொருத்தியை வீட்டு வேலைக்கு வாங்கியிருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பெண்களைக் குறிக்கச் சொல் தேட வேண்டியதில்லை. பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் வருகிறார்கள். கொண்டி என்றால் கொள்ளை, கொள்ளைப்பொருள். பகைவர் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்கள் என்று நச்சினார்க்கினியர் உரை பொருள் சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் அவர்கள் நீர்த்துறையில் மூழ்கி எழுந்து, பலரும் தொழும் பொதியிலை மெழுகிப் பூவிட்டு, அந்தியில் விளக்கேற்றுகிறார்கள். அழகான காட்சி. எம்.ஏ. வகுப்பில் இதைப் பாடமாகப் படித்த காலத்தில் அந்த விளக்கும் மலரும் பட்டினத்தின் வளத்துக்குச் சான்றாக எங்களுக்குச் சொல்லப்பட்டன. விளக்கேற்றியவள் எந்த ஊர்க்காரி, அவள் வீட்டு ஆண்கள் என்ன ஆனார்கள், அவளோடு பிடிபட்ட தங்கை எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை. பகைவர் ஊரைக் கொள்ளையிட்டு எரிப்பதற்கு மழபுல வஞ்சி என்று துறைப்பெயரே வைத்திருக்கும் மரபு நம்முடையது. ஒற்றை மகனைப் போருக்கு அனுப்பும் தாயை மூதின்முல்லையில் எத்தனை தடவை கொண்டாடியிருக்கிறோம்! கொண்டி மகளிருக்கு ஒரு தனிப்பாட்டு இல்லை. யூரிபிடிஸ் ஒரு முழு நாடகத்தை அவர்களிடம் கொடுத்தார் என்பதுதான் இதைத் தமிழில் நின்று வாசிக்கும்போது எனக்கு முதலில் உறைக்கிறது.

அவர்களில் ஆண்ட்ரோமகியிடம் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். ஹெக்டரின் மனைவி. கைக்குழந்தையோடு, கொள்ளைப்பொருள்கள் ஏற்றிய வண்டியில், கணவனின் ஆயுதங்களுக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவரப்படுகிறாள். அவளும் அந்தச் சுமையில் ஒன்று. அந்த நிலையில் அவள் தன் வாழ்க்கையை எடுத்துப் பார்க்கிறாள். நல்ல மனைவிக்கு என்னென்ன சொல்லப்பட்டதோ அத்தனையையும் செய்தவள் அவள். வாசல் தாண்டவில்லை, வெளியே போவதே பெண்ணுக்குப் பழி என்பதால் அந்த ஆசையை விட்டாள். ஊர்வம்பை வீட்டுக்குள் விடவில்லை. கணவன் முன் அடக்கமான பேச்சு, அமைதியான பார்வை; எதில் விட்டுக்கொடுக்க வேண்டும், எதில் கூடாது என்ற அளவும் தெரியும். இந்த நல்ல பெயர் மதில் தாண்டிக் கிரேக்கப் பாசறைவரை போனது. அதனால்தான் அவளைக் கேட்டு வாங்கினான் அக்கிலீஸின் மகன். கணவனைக் கொன்றவனின் மகன்.

கற்பு பெண்ணைக் காக்கும் என்ற பேச்சு இந்த இடத்தில் தலைகீழாகிறது. அவளுடைய ஒழுக்கம் அவளுக்கு மதிலாக நிற்கவில்லை. அவள் விலையை ஏற்றியது. கற்பு என்பது யாருடைய சொத்து, யார் கைக்கு மாற்றத்தக்கது என்று நாம் மேடைகளில் பக்கம் பக்கமாகப் பேசுவதை இவள் ஒரு வண்டியில் உட்கார்ந்தபடி சொல்லிமுடித்துவிடுகிறாள். அதோடு நிற்கவில்லை. புதியவனிடம் மனம் வைத்தால் இறந்தவனுக்குத் துரோகம், வெறுத்தால் ஆண்டையின் பகை என்று இரண்டு பக்கமும் எடைபோடுகிறாள். ஒரே இரவில் பெண்ணின் வெறுப்பு தளர்ந்துவிடும் என்று ஊர் சொல்கிறதே, அந்தப் பழமொழியை எடுத்து வைத்துக்கொண்டு அருவருக்கிறாள். ஹெகுபா, மாமியாராகப் பேசாமல் பிழைத்திருக்கக் கற்ற கிழவியாகப் பேசுகிறாள்: புதியவனுக்கு இணங்கிப் போ, பேரனை வளர்த்தெடு, அவன் வழியில் என்றாவது இந்த ஊர் எழட்டும். அந்தச் சொற்கள் முடிவதற்குள் தூதன் வந்துவிடுகிறான். பேரனைக் கோட்டை மதிலிலிருந்து எறிந்து கொல்ல முடிவாகியிருக்கிறது.

அந்தத் தூதன் தல்தீபியஸ். இந்த நாடகம் இன்றைய பார்வையாளரோடு பேசுவது அவன் வழியாகத்தான் என்பது என் கருத்து. விமர்சகர்கள் அவனுக்கு ஒதுக்கும் இடம் மிகக் குறைவு. அவன் கொடூரன் அல்ல. நல்லவன் என்றே சொல்லலாம். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வதென்று தயங்குகிறான். ஹெகுபாவின் மகள் பொலிக்சினா அக்கிலீஸின் கல்லறையில் பலியிடப்பட்டதை நேராகச் சொல்ல மாட்டாமல், அவள் கவலையின்றி இருக்கிறாள் என்று சுற்றிவளைக்கிறான். குழந்தையைப் பிடுங்கும்போது, இந்த வேலைக்கு இரக்கமும் வெட்கமும் இல்லாத வேறொருவன் வந்திருக்க வேண்டும் என்கிறான். ஆண்ட்ரோமகிக்கு அறிவுரை வேறு: படையைச் சபிக்காதே, சபித்தால் பிள்ளைக்கு அடக்கம்கூடக் கிடைக்காது. அக்கறையான அறிவுரைதான், அதுவே மிரட்டலாகவும் இருக்கிறது. பிறகு சிறுவனின் உடலை ஸ்கமாண்டர் ஆற்றில் அவனே கழுவி எடுத்துவருகிறான், குழி வெட்டவும் முன்வருகிறான். ஒரு உத்தரவைக்கூட அவன் மறுக்கவில்லை. கொலை முடிவும் ஒரு வெறியனின் முடிவல்ல. படையினர் கூடிய அவையில் ஒடிசியஸ் பேசி, வாதத்தில் வென்று எடுத்தது அது. மித்திலீனிக்காகக் கைதூக்கிய ஏதென்ஸ்காரர்களுக்கு அந்த அவை எது என்று விளக்கத் தேவையில்லை.

நம் காலத்துப் பெண்கள் தங்கள் வாழ்வில் அதிகம் சந்திப்பது ஒடிசியஸை அல்ல, தல்தீபியஸைத்தான். முகாம் வாசலில் பெயர் எழுதுகிறவர். காணாமல்போன மகனைப் பற்றிக் கேட்டால், “அம்மா, எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைத் திறக்கிறவர். நாடகம் பார்க்க வந்து ஹெகுபாவுக்காகக் கண்கலங்கும் நாமும் அந்த வரிசையில்தான் வருகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்கு இரக்கம் இருக்கிறது, கையில் தண்ணீர் இருக்கிறது, உடலைக் கழுவித் தருகிறோம். இந்த நாடகத்தை ஒப்பாரியாக நடத்தினால் இந்த ஆள் மறைந்துபோவான். அதனால்தான் அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை.

ஹெலனின் காட்சியை மாணவிகள் மிகவும் விரும்புகிறார்கள், காரணம் அதில் வழக்காடல் இருக்கிறது. மெனலாஸ் நீதிபதி, ஹெலன் குற்றம் சாட்டப்பட்டவள், வழக்கறிஞர் ஹெகுபா. தெய்வத்தின் மீதும் பாரிஸைப் பெற்ற ஹெகுபாவின் மீதுமே ஹெலன் பழியைப் போடுகிறாள். ஹெகுபா அந்த வாதத்தைக் கிழித்தெறிகிறாள்: அப்ரோடைட்டி என்று நீ சொல்வது உன் சொந்த ஆசைக்கு நீ வைத்த பெயர். வாதத்தில் ஹெகுபா வெல்கிறாள். மெனலாஸும் ஒப்புக்கொள்கிறான், ஊர் போனதும் கொல்வேன் என்கிறான். அவன் கொல்லமாட்டான் என்பது ஹோமரைக் கேட்டு வளர்ந்த பார்வையாளர் அனைவருக்கும் தெரியும். ‘ஒடிசி’யில் ஹெலன் ஸ்பார்ட்டா அரண்மனையில் சௌகரியமாக இருக்கிறாள்.

வகுப்பில் ஒருமுறை பெரும்பாலோர் ஹெகுபா கட்சியாக நின்றபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ ஹெலனும் பங்குலதானே மேடம் வந்திருக்கா?” பிரதியில் இருப்பதைத்தான் அவள் கேட்டாள். ஹெலனும் கைதிகளின் கணக்கில் எழுதப்பட்டு, கூடாரத்திலிருந்து தலைமுடியைப் பற்றி இழுத்துவரக் கட்டளையிடப்பட்டு, கொல்வதோ கூட்டிப்போவதோ உன் விருப்பம் என்று படையினரால் மெனலாஸிடம் ஒப்படைக்கப்பட்டவள். பத்தாண்டுப் போரை முடிவுசெய்த ஆண்கள் எவரும் விசாரிக்கப்படாத அந்த நாளில், இரண்டு கைதிகள் ஒருத்தியை ஒருத்தி குற்றம் சாட்ட, கொள்ளையில் பங்குள்ள ஒருவன் தீர்ப்பு சொல்கிறான். மதுரைக்காஞ்சியிலும் கொண்டி மகளிர் என்ற சொல் வருகிறது. அங்கே அது ஆண்களின் பொருளைக் கொள்ளைகொள்ளும் பரத்தையரைக் குறிக்கிறது. கொள்ளையிடப்பட்டவளுக்கும் கொள்ளைக்காரிக்கும் மொழி ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறது. ஹெலன் இந்த இரண்டு பொருளிலும் நிற்கிறாள். ஹெகுபாவின் கோபம் நியாயமானது என்பதையும், அந்தக் கோபத்துக்குக் கிடைத்த ஒரே இலக்கு இன்னொரு பெண் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. யூரிபிடிஸ் இதை இப்படி நினைத்தாரா என்றால், நினைத்திருக்க வேண்டியதில்லை. காட்சியை அப்படி அமைத்துவிட்டார்.

சிறுவனின் உடல் ஹெக்டரின் கேடயத்தில் கிடத்திக் கொண்டுவரப்படும் இடத்துக்கு வருகிறேன். தாய் பக்கத்தில் இல்லை. கப்பல் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கேடயத்தைச் சவப்பெட்டியாகக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஏதென்ஸில் டயோனிசஸ் திருவிழா எப்படி நடந்தது என்று அறிந்தால் இந்தக் காட்சியின் கூர்மை தெரியும். நாடகங்கள் தொடங்கும் முன் அதே அரங்கில், சார்பு நாடுகள் கட்டிய கப்பப்பணம் மக்கள் பார்வைக்குக் கொண்டுவரப்பட்டது. போரில் தந்தையை இழந்து, அரசு செலவில் வளர்ந்து ஆளான இளைஞர்கள் நகரம் வழங்கிய முழுப் போர்க்கவசத்தோடு அணிவகுத்தார்கள். கேடயம் ஏந்திய பிள்ளைகளைப் பார்த்துப் பெருமைப்பட்ட கண்கள், அதே களத்தில் கேடயத்தின் மேல் கிடக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்தன. அவனும் போரில் தந்தையை இழந்தவன்தான். இவ்வளவு பெரிய படைக்கு ஒரு குழந்தையிடம் என்ன பயம் என்று ஹெகுபா கேட்கிறாள். கேட்டுவிட்டு, உடைந்த அந்தத் தலையையும் கைகளையும் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் தொட்டு, கிடைத்த துணிமணிகளால் அலங்கரிக்கிறாள்.

இருபதாம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்த நாடகம் ஓயவில்லை. 1965இல் சார்த்ர் அல்ஜீரியப் போரின் நிழலில் இதைப் பிரெஞ்சில் மறுஆக்கம் செய்தார். 1971இல் ககோயானிஸ் படமாக்கினார். நைஜீரியாவின் ஃபெமி ஒசோஃபிசன் ‘ஓவு நகரத்துப் பெண்கள்’ என்று எழுதியபோது, 19ஆம் நூற்றாண்டில் யொரூபா அரசுகளின் கூட்டுப்படையே அழித்த ஒரு யொரூபா நகரத்தை எடுத்துக்கொண்டார். அழித்தவர்கள் அந்நியர் அல்லர் என்பது அதில் முக்கியம். இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் தர்மசிறி பண்டாரநாயக்க இதைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். போர் நடத்திக்கொண்டிருக்கும் அரசின் மொழியில், அந்த மொழி பேசும் பார்வையாளர் முன்னால் போடப்பட்ட அந்த மேடையேற்றம், ஏதென்ஸின் முதல் மேடையேற்றத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட நெருங்கியது என்று நினைக்கிறேன். 2013இல் ஜோர்டானின் அம்மானில் சிரிய அகதிப் பெண்கள் நடித்தார்கள். நடிப்புப் பயிற்சி இல்லாதவர்கள். யூரிபிடிஸின் வரிகளுக்கு நடுவே தங்கள் சொந்த வாக்குமூலங்களை வைத்தார்கள். அந்த ஒத்திகைகள் ‘குயின்ஸ் ஆஃப் சிரியா’ என்ற ஆவணப்படமாயின. ஆண்கள் முகமூடிக்குப் பின்னால் நின்று பேசிய வரிகளைப் பிடுங்கிக்கொண்ட பெண்கள் இவர்கள். அதற்கு அடுத்த ஆண்டே, 2014இல், ஈராக்கின் சிஞ்சாரில் யசீதிப் பெண்கள் பிடிக்கப்பட்டு ஆண்களுக்குள் பங்கிடப்பட்டார்கள், விற்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான நாதியா முராத் 2018இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். பங்கீட்டின் முறை பெரிதாக மாறியிருக்கவில்லை.

இந்த மேடையேற்றங்களில் எல்லாம் நமக்கு நினைவில் நிற்பவர்கள் அரசகுலப் பெண்கள். ஹெகுபா ஒடிசியஸுக்கு. தீப்பந்தம் ஏந்தித் தனக்குத்தானே மணப்பாட்டுப் பாடிக்கொண்டு வரும் கசான்ட்ரா அகமெம்னானுக்கு. ஆண்ட்ரோமகி நியோப்தொலமஸுக்கு. ஹெலன் மெனலாஸுக்கு. ஆனால் அந்தக் கடற்கரையில் எண்ணிக்கையில் அதிகமானவர்கள் கோரஸ் பெண்கள்தான். அவர்களுக்குப் பெயர் இல்லை. நாடகத்தின் தொடக்கத்தில் ஹெகுபாவின் பங்கு அறிவிக்கப்பட்டதும் கோரஸ் ஒரு கேள்வி கேட்கிறது: அம்மா, உன் விதி உனக்குத் தெரிந்துவிட்டது, என் விதி எந்தக் கிரேக்கனின் கையில் இருக்கிறது? இரண்டே வரிகள்; படிக்கிறவர்கள் பலர் கவனிப்பதுமில்லை.

தல்தீபியஸ் அதற்குப் பதில் சொல்வதில்லை. திரும்பித் தன் ஆட்களிடம், கசான்ட்ராவைச் சீக்கிரம் வெளியே கூட்டிவாருங்கள் என்கிறான். நாடகத்தின் முடிவில் கோட்டை இடிந்து விழ, அந்தப் பெண்கள் கப்பலை நோக்கி நடக்கிறார்கள். யாருடைய கப்பல் என்று பிரதியில் எங்கேயும் இல்லை.